மஞ்சள் துணி டின்னுக்கு நான் செய்த விடுதலை ஊழியம்

வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பிஸ்கட் டின்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டவன். கையை நீட்டி, கண்ணை உருட்டி, தொண்டை கட்டும்வரை அதட்டினேன். டின் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு சபையில், எந்த வீடு, என்ன பொருள் என்று மட்டும் சொல்லாமல், சாட்சியாகவும் சொன்னேன். சபை கைதட்டியது. இப்படிப்பட்ட ஆளைத்தான் நீங்கள் மூத்த ஊழியர் என்று அழைத்து, பொன்னாடை போர்த்தி, ஆவிகளைப் பகுத்தறிவது எப்படி என்று புதிதாக ஊழியத்துக்கு வந்தவர்களுக்கு எழுதித் தரச் சொல்கிறீர்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் பகுத்தறிவும் என்னுடையதைப் போலத்தான் இருக்கிறது.

பிசாசு இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. இருக்கிறான். நாற்பது வருசம் அவனோடு வேலை பார்த்திருக்கிறேன், பல நாள் ஒரே பக்கத்தில் நின்று. ஆனால் நம்முடைய ஆட்கள் அவனுக்குக் கொடுத்திருக்கிற வேலைப் பட்டியலைப் பார்த்தால் அவன்மேலேயே எனக்குப் பரிதாபம் வருகிறது. வேனைப் பஞ்சராக்குவது அவன். ஃபோனில் சார்ஜை இறக்குவது அவன். ஞாயிற்றுக்கிழமை மழை அவன். வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்து மணிக்கே ஒருவர் எழுதுகிறார், "போராட்டம் கடுமையாக உள்ளது, ஜெபிக்கவும்." என்ன போராட்டம் என்று விசாரித்தால், சமையல் கேஸ் முடிந்துவிட்டதாம்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஒருமுறை மாத்தளைப் பக்கத்து நாலந்தாவில் நடந்த கூட்டத்தில் மைக் கீச்சிட்டது. நான் அதைப் பிசாசின் வேலை என்று பத்து நிமிடம் கட்டி ஜெபித்தேன். கட்டக் கட்டக் கூடியது. கடைசியில் பாட்டுக் குழுவில் இருந்த ஒரு தங்கச்சி எழும்பி வந்து, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு நின்ற என்னைத் தோளைப் பிடித்து இரண்டடி நகர்த்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சத்தம் நின்றது. அன்று அந்த மேடையில் விரட்டப்பட்டது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதிலிருந்து நான் ஏதாவது கற்றிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கண்டிக்குப் போய் மூன்று நாள் கருத்தரங்கில் கலந்துகொண்டேன். மண்டபத்துக்கு ஏசி, மத்தியானத்துக்குப் புரியாணி, ஆளுக்கொரு கோப்பு. பேச வந்தவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். பேர் வேண்டாம். வீடுகளைச் சுத்திகரிப்பது எப்படி என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். அவர் சொன்ன விதிகளில் ஒன்றை நான் கொப்பியில் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டேன். முடிச்சுப் போட்ட பொருளைத் திறக்கவே கூடாது, திறந்தால் உள்ளே இருப்பது திறந்தவன்மேல் தாவும். அப்படியே எரித்துவிட வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லவும் கூடாது, சொன்னால் அந்த ஆவி அவரைப் பயமுறுத்தும். பகுத்தறியும் வரம் என்பது திறந்து பார்க்காமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வதுதான் என்று அவர் முடித்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பார்க்காமலே தெரியும் என்றால் பார்க்கிற வேலை மிச்சம்.

அந்த நாட்களில் நான் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு தகரக் கொட்டகைச் சபையை நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே புஷ்பம் என்று ஒரு பெண் புதிதாகச் சபைக்கு வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். புருசன் தவறிவிட்டான், ஒரே மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை. புஷ்பம் தான் பிறந்த அதே லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தனியாக இருந்தாள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு, வீட்டைச் சுத்திகரித்து ஜெபிக்க எங்களைக் கூப்பிட்டாள். சாமி படங்களை அவளே துடைத்து, பக்கத்து லயத்தில் இருந்த சொந்தக்காரருக்கு முதல் நாளே கொடுத்திருந்தாள். எரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதை நான் விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். அது மரியாதை என்று இப்போது தெரிகிறது.

நாங்கள் ஜெபித்து முடிந்ததும் அவள் தேத்தண்ணி எடுக்கப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கருத்தரங்கு கேட்டவனுக்குச் சும்மா இருக்க முடியுமா. சுவர்மேல், கூரைக்குக் கீழே அடித்திருந்த பலகைத் தட்டில் கையை விட்டுத் துழாவினேன். அகப்பட்டது. சின்ன பிஸ்கட் டின், மஞ்சள் துணி சுற்றி, மூன்று முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் குங்குமம். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சூனியம் என்று அடித்துச் சொல்வேன், அவ்வளவு நிச்சயம். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, அவள் கொண்டுவந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் நடந்ததுதான் அந்த அரை மணி நேரச் சண்டை. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். துணி எரிந்தது, மூடி கழன்றது, உள்ளே இருந்ததும் எரிந்தது. கடதாசி எரிகிற வாசனை வந்தது. சூனியத் தகடு எரிந்தால் கடதாசி வாசனை எதற்கு வருகிறது என்று ஒரு முட்டாள்கூடக் கேட்டிருப்பான். நான் முட்டாளைவிடப் பயிற்சி பெற்றவன். கேட்கவில்லை. கருகிய டின்னைப் பள்ளத்தில் உதைத்துத் தள்ளிவிட்டுச் சாட்சிக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

எட்டு ஒன்பது மாதம் கழித்து அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு வீடு கட்டக் காணித் துண்டு கொடுக்கப்போவதாக அரசாங்கத்தில் அறிவித்தார்கள். லயத்துக் காம்பரா யார் பேரில் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஏதாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருக்கிற குடும்பத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை காலையில் புஷ்பம் கொழுந்துக் கூடையோடு நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

அப்பாவின் கடதாசிகளைக் காணவில்லை என்றாள். இரண்டு இருந்தனவாம். ஒன்று, அவள் அப்பா அலையாய் அலைந்து வாங்கிய பிரஜாவுரிமைக் கடதாசி. மற்றது, அந்தக் காலத்துத் தோட்டத்துத் துரை அந்தக் காம்பராவை அவர் பேரில் எழுதிக் கொடுத்த கடிதம். அப்பாவுக்கு இரண்டையும் வாசிக்கத் தெரியாது. அதனால் மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, மேல் தட்டில் பத்திரமாக வைத்திருந்தார்.

"சாமின்னு இல்ல பாஸ்டர்," என்றாள் அவள். "அந்தக் கடதாசி வீட்டுல இருந்தா நம்மள யாரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏத்த முடியாதுன்னு அப்பா சொல்லுவாரு. அதான் அப்படி வச்சிருந்தாரு."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஊழியத்தில் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். வயிற்றுக்குள் எல்லாம் தெரிந்துவிடும். வாய் மட்டும் திறந்தால் போதும். என் வாய் திறந்தது. "ஜெபிப்போம்" என்றது.

அது மட்டுமா. சத்துரு மறைத்துவைத்ததை வெளியே கொண்டுவர மூன்று நாள் உபவாச ஜெபம் என்று அறிவித்தேன். திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று நாளும் பிசாசு எங்கே இருந்தான் என்று யாராவது கேட்டால் என்னால் இடத்தைக் காட்ட முடியும். முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கடதாசியைத் திருடிய கையை வெளிப்படுத்தும் ஆண்டவரே என்று கதறிக்கொண்டிருந்தான். பசியில் எனக்குத் தலை சுற்றியது. சனங்கள் அதையும் அபிஷேகம் என்றார்கள்.

புஷ்பமும் சாப்பிடவில்லை. மலைக்குக் கொழுந்து பறிக்கவும் போகவில்லை, மூன்று நாள் பேர் விழவில்லை, கூலியும் இல்லை. மகளுக்கு ஃபோன் பண்ணி, பாஸ்டர் ஜெபிக்கிறாரு, கெடச்சிரும் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

பொய்யைத் தனியாக விட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்காது. புதன்கிழமை பின்னேரம், எங்கள் சபையில் தரிசனம் காண்கிற ஒரு அக்கா, எழும்பி நின்று, ஒரு பெண்ணின் கையைக் கண்டேன் என்றார். பச்சை வளையல் போட்ட கை என்றார். பட்டியலில் அடுத்த குடும்பம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். புஷ்பத்தின் புருசனுடைய தம்பி குடும்பம். தம்பி பெண்சாதி செல்வி பச்சை வளையல் போடுகிறவள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். தோட்டத்தில் பாதிப் பெண்கள் பச்சை வளையல்தான் போடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் கூட்டம் முழுவதும் பாடிக்கொண்டு லயத்துக்கு இறங்கியது. ஜெப எண்ணெய்ப் போத்தலோடு முன்னால் போனது நான்.

செல்வி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். எடுத்ததைக் கொடுத்துவிடு என்று தரிசன அக்கா தொடங்கினார். செல்விக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, உள்ளே வந்து தேடுங்கள் என்று கதவை விரியத் தள்ளினாள். யாரும் உள்ளே போகவில்லை. நாங்கள்தான் எதையும் திறந்து பார்க்காத ஆட்களாயிற்றே. அதற்குள் பக்கத்துக் காம்பராக்காரர்கள் கூடிவிட்டார்கள். செல்வி போன மாதம் யார் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் போட்டாள் என்று ஒரு பேச்சு தொடங்கியது. அந்தப் பேச்சு ஒரு லயத்தில் தொடங்கினால் அந்தப் பெண் பிறகு அங்கே தண்ணீர் பிடிக்கக்கூடப் போக முடியாது. கீழே படிக்கட்டில் அவள் புருசன் வேலை முடிந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு ஏறி வந்துகொண்டிருந்தான்.

தைரியத்தால் நான் பேசினேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கத்தியைப் பார்த்தேன், செல்வியின் மாவுக் கையைப் பார்த்தேன், இனி ஒரு நிமிடம் பொறுத்தால் இது என் கையில் இல்லை என்று தெரிந்தது.

"அத நான்தான் எரிச்சேன்," என்றேன்.

பாட்டு நின்றது. பின்னால் ஒருவர் மட்டும் இன்னும் அல்லேலூயா என்றுகொண்டிருந்தார், அவருக்குக் காது மந்தம்.

புஷ்பம் படியில் உட்கார்ந்துவிட்டாள். எப்போது என்று கேட்டாள். அன்றைக்கு, நீங்கள் தேத்தண்ணி எடுக்கப் போனபோது என்றேன்.

"தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் எழும்பித் தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரொட்டி கருகுது" என்று சொல்லிவிட்டு அவளும் கதவைச் சாத்தினாள். மூன்று நாள் உபவாசத்தில் நான் கேட்ட உண்மையான பிரசங்கம் அதுதான்.

வியாழக்கிழமை காலையில் புஷ்பம் பஸ் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து நானும் ஏறினேன். அவள் பக்கத்தில் உட்காரவில்லை. மாத்தளையில் ஒரு சமாதான நீதவானிடம் போய், நான் எரித்தேன் என்று சத்தியக் கடதாசி எழுதி, அதைக் காணி அலுவலகத்தில் நீட்டினேன். சிங்கள அதிகாரி, நல்ல மனுசன். வாசித்தார். மறுபடி வாசித்தார். சூனியம் என்றா நினைத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, ஆம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். பக்கத்து மேசைப் பெண் ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு போகட்டும். அதற்குப் பிறகு வந்த கேள்விதான் என்னைக் கொன்றது. டின்னுக்குள் இருந்தது என்ன என்று கேட்டார். இந்த அம்மாவின் அப்பாவுக்குத் துரை கொடுத்த கடிதம் என்றேன். நீங்கள் பார்த்தீர்களா என்றார். இல்லை. பார்க்காததற்கு நீங்கள் எப்படிச் சத்தியம் பண்ணுவது, ஒரு டின்னை எரித்தேன் என்று மட்டும்தான் நீங்கள் சொல்லலாம், அது இவருக்கு எதற்கும் உதவாது என்று சொல்லிக் கடதாசியைத் திருப்பித் தந்தார். தோட்டத்தில் பழைய ஃபைல்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, கடித இலக்கமோ திகதியோ இருந்தால் நகல் தேடச் சொல்லலாம், ஒன்றும் இல்லாமல் எங்கே தேடுவது என்றார்.

பாருங்கள், நாற்பது வருசத்தில் எத்தனையோ பிசாசுகளை எரித்திருக்கிறேன் என்று சாட்சி சொன்னவன். முதல் தடவையாக என் சாட்சியைச் சோதித்துப் பார்க்க ஒருவர் வந்தார், அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது புஷ்பம் அந்த நாளின் முதல் பேச்சைப் பேசினாள். எனக்குச் சொன்னாளா, எதிரே இருந்த கடைக்குச் சொன்னாளா தெரியாது.

"பூசாரி தொறந்து பாத்திருக்காரு. வருசா வருசம்."

தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. அவரைப் பற்றி நான் எத்தனை ஞாயிறு பேசியிருக்கிறேன் என்று எனக்கே ஞாபகமில்லை. கொட்டகையின் ஸ்பீக்கர் இரண்டையும் அவருடைய கோயில் பக்கமாகத் திருப்பி வைத்தவன் நான். திருவிழாவில் அவர் ஓதும்போது அந்த வழியாகப் போக நேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு நடப்பேன். அவர் பகலில் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். நாங்கள் போனபோது மருந்து டாங்கியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தார். முந்தின நாளே தோட்டம் முழுவதும் பரவிய கதையை என் வாயால் கேட்க அவருக்கு ஆசை என்று பிறகுதான் விளங்கியது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ராகமாக ஓதத் தொடங்கினார். "திஸ் இஸ் டு சர்ட்டிஃபை..." என்று ஆரம்பித்துக் கடித இலக்கம், திகதி, லயத்து இலக்கம், காம்பரா இலக்கம், புஷ்பத்தின் அப்பா பேர், துரையின் பேர் வரை ஒரு மூச்சில் வந்தார்.

புஷ்பத்தின் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாதல்லவா. வருசத்துக்கு ஒரு தடவையாவது அதில் என்ன இருக்கிறது என்று காதால் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாம். பூசாரிக்கும் இங்கிலீசு தெரியாது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஒருவரைப் பிடித்து எழுத்து எழுத்தாக மனப்பாடம் பண்ணிக்கொண்டாராம். ஒவ்வொரு திருவிழாவிலும் முடிச்சை அவிழ்த்து, அம்மனுக்கு முன்னால் கடிதத்தை ஓதி, திரும்ப முடிச்சுப் போட்டுக் கொடுப்பாராம். நான் காதைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனது அதைத்தான்.

நாளைக்கு அலுவலகத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"வர்றேன் பாஸ்டரய்யா. ஆனா ஒங்க மோட்டார் சைக்கிள்லதான் வருவேன்."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலையில், நெற்றி நிறைய விபூதியோடு பூசாரி என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார, ரத்தோட்டைக் கடைத்தெரு வழியாகப் போனேன். வண்டியின் முன்பக்கம் வேத வசனம் ஒட்டியிருந்தது. பூசாரி கடை கடையாகக் கையைக் காட்டிக்கொண்டு வந்தார். மெதுவாப் போங்க, விழுந்துறப் போறோம் என்று இரண்டு தடவை சொன்னார். நான் வேகமாகப் போகவே இல்லை.

புஷ்பம் பஸ்ஸில் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். அதிகாரி மேசைக்கு முன்னால் பூசாரி கண்ணை மூடி ஓதினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி இலக்கத்தையும் திகதியையும் எழுதிக்கொண்டு தோட்டத்துக்கு ஃபோன் போட்டார். மத்தியானத்துக்குள் ஒரு மூட்டையிலிருந்து கார்பன் நகல் கிடைத்துவிட்டது. பூசாரி ஓதியதற்கும் நகலுக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம், துரையின் பேருக்கு முன்னால் அவர் ஒரு 'ஸ்ரீ' சேர்த்திருந்தார். காணித் துண்டு புஷ்பத்தின் பேரில் எழுதப்பட்டது.

பிரஜாவுரிமைக் கடதாசி போனது போனதுதான். இனி அது எதற்கும் தேவைப்படாது என்று அதிகாரி ஆறுதலாகச் சொன்னார். புஷ்பம் தலையை ஆட்டினாள். அவள் அப்பா அதற்காக நடந்த நடையை நான்தான் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். அந்த ஒன்றுக்கு நகல் கிடையாது. இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வராத இடம் இது.

செல்வி வீட்டுக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் போனேன். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்து, உட்காரச் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். தரிசன அக்கா வேறு சபைக்குப் போய்விட்டார், அங்கே நல்ல வரவேற்பு என்று கேள்வி. கண்டியில் பேசியவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், உங்களில் சிலர் அந்தக் கோப்போடுதான் ஊழியத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். இரண்டு கோடு போட்டிருப்பீர்கள்.

பயம் உங்களுக்கு எதையாவது பார்க்காமலே காட்டிக்கொடுத்தால், அதை வரம் என்று நினைத்துவிடாதீர்கள். சோதித்துப் பார் என்று வேதம் சொன்னது நம்மைப் போன்ற ஆட்களை நினைத்துத்தான். எனக்குச் சிலிர்த்த உடம்பெல்லாம் அன்று பொய் சொன்னது. அந்த டின் மட்டும்தான் பொய் சொல்லவில்லை.

புஷ்பம் ஒரு வருசம் சபைப் பக்கம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, கூப்பிட எனக்கு என்ன முகம் இருந்தது. புது வீடு முடிந்ததும் மகளை அனுப்பி, பிரதிஷ்டை ஜெபத்துக்கு வரச் சொன்னாள். எண்ணெய்ப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். செல்வி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பூசாரி எனக்கு முன்னாலேயே வந்து நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முன் அறை அலுமாரியின் மேல் ஒரு புது பிஸ்கட் டின். மஞ்சள் துணி. மூன்று முடிச்சு.

நான் அதைப் பார்த்தேன். புஷ்பம் நான் பார்ப்பதைப் பார்த்தாள். அறையில் எல்லோரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். கையைத் தூக்கி, தொடங்கலாமா, ஜெபிப்போமா என்று கேட்டேன்.

புஷ்பம் டின்னை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மொதல்ல தொறந்து பாருங்க."